வில்லனின் கப்பலில் யாரை ஏற்றுவது?

கடல் சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கும் மூன்று பேர் சில வார இடைவெளியில் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் திரைக்கதை எழுதுகிறார். இன்னொருவர் சிறுவர்களுக்கான படக்கதை. மூன்றாமவர் பாட்காஸ்ட்டுக்காகப் பத்துப் பகுதி ஒலிநாடகம். மூவரிடமும் வில்லன் தயார், கப்பல் தயார், புதையல்கூடத் தயார். வில்லனோடு கப்பலில் யாரை ஏற்றுவது என்பதில்தான் முட்டி நிற்கிறார்கள். எலும்புக்கூடுகளா, சீருடைக்காரர்களா, ஹீரோவின் கப்பலிலேயே ஒளிந்திருக்கும் துரோகிகளா?

தரையில் நடக்கும் கதை என்றால் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சுமோவிலிருந்து இறங்கும் பத்துப் பேர் எங்கிருந்து வந்தார்கள், அடி வாங்கிவிட்டு எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பயந்தவன் சந்துக்குள் ஓடிவிடலாம். கப்பலில் சந்து கிடையாது. அடியாள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, காலையில் அதே கேப்டன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கேப்டன் ஒருவர், ஆட்கள் நாற்பது பேர், சுற்றிலும் தண்ணீர். ஒரு ராத்திரி நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டால் வில்லன் கதை முடிந்தது. ஏன் போடவில்லை?

இந்தக் கேள்விக்கு உங்கள் கதையில் என்ன பதில் என்பதைப் பொறுத்துத்தான் கும்பலைத் தேர்ந்தெடுக்க முடியும். கண்பட்டை, கொக்கிக் கை எல்லாம் உடையலங்காரக்காரர் பார்த்துக்கொள்வார்.

நிஜக் கொள்ளையர்கள் இந்த விஷயத்தில் சினிமாவுக்கு நேர்மாறு. 1720-களில் பெயர்பெற்ற பார்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி வைத்த விதிகள் இருந்தன. முக்கிய விவகாரங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு. கேப்டனுக்கும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் கொள்ளையில் தலா இரண்டு பங்கு, அதற்கு மேல் இல்லை. இரவு 8 மணிக்கு விளக்கணைப்பு. வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கேப்டன் சரியில்லை என்றால் வாக்கெடுத்து இறக்குவார்கள். ஆக, பயந்து நடக்க வேண்டியவர் பெரும்பாலும் கேப்டன்தான். எல்லோரும் நடுங்கும் கொடுங்கோல் கேப்டன் சினிமாவின் வசதிக்கு வந்தவர். வசதி தப்பில்லை. ஆனால் வாக்குரிமையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒரு காரணத்தை வைத்தாக வேண்டும்.

(நல்லவர்களின் கப்பலில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை. 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆரோடு கப்பலேறுபவர்கள் அவரோடு சேர்ந்து அடிமைகளாக இருந்தவர்கள். ஏன் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.)

## எதை வைத்து எடை போடுவது

முதலில், ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பது. இரண்டாவது, எத்தனை முகம் பார்ப்பவர் மனதில் நிற்கும். மூன்றாவது, எப்படித் தோற்பார்கள். நாற்பது பேரையும் ஹீரோ தனித்தனியாக வெட்டிக்கொண்டிருக்க முடியாது, மொத்தமாக விழ ஒரு வழி வேண்டும். நான்காவது, பட்ஜெட் தாளில் தெரியாத செலவு. பணமாக மட்டும் அது வருவதில்லை, கதையிலிருந்தும் கழியும்.

| கும்பல் | ஏன் கீழ்ப்படிகிறது | மனதில் நிற்பது | எப்படி விழும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சாபம் பிடித்தவர்கள் | தப்பிக்க வேறு வழியில்லை | உருவங்கள் | சாபம் உடையும் நொடியில் | சண்டையில் பதற்றம் குறையும் |
| கூடவே வரும் துரோகிகள் | பங்கு கிடைக்கும் | பெயர், குரல், பழக்கம் | தங்களுக்குள் அடித்துக்கொண்டு | எழுத்து வேலை அதிகம் |
| சீருடைக்காரர்கள் | உத்தரவு, சம்பளம் | பாஸ் மட்டும் | உத்தரவு நின்றால் | பயமே வராமல் போகலாம் |
| வாக்குறுதியில் மயங்கியவர்கள் | நாளைக்குக் கிடைக்கும் | கூட்டம் | பொய் வெளிப்பட்டு, அல்லது ஒரே தீப்பொறியில் | தலைவன் கேலிச்சித்திரம் ஆகிவிடுவான் |

## சாபம் பிடித்தவர்கள்

2003-இல் வந்த முதல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தில் வில்லன் கேப்டன் பார்போசாவின் ஆட்கள் அவரை ஏன் விட்டுப் போகவில்லை? போனால் சாபம் தீராது. அவர்கள் திருடிய சாபக் காசுகள், அஸ்டெக் தங்கத்தில், 882. அத்தனையும் கல் பெட்டிக்குள் திரும்ப விழ வேண்டும், எடுத்தவர்களின் ரத்தமும் சிந்த வேண்டும். அதுவரை சாப்பாட்டில் ருசி இல்லை, குடித்தால் போதை இல்லை, சாவும் இல்லை. தலைவனுக்கு என்ன வேண்டுமோ அதேதான் கடைசி ஆளுக்கும் வேண்டும். இவ்வளவு இறுக்கமான காரணம் அடியாள் கும்பல்களுக்கு அபூர்வமாகத்தான் அமையும். அழியாத உடம்பு கிடைத்தவர்கள் அதைத் தொலைக்கத் துடிக்கிறார்கள். ஒரு ஆப்பிளைக் கடித்தால் ருசி தெரிய வேண்டும், அவ்வளவுதான் பார்போசாவின் லட்சியம். வில்லனுக்கு இப்படி ஒரு சின்ன ஆசையைக் கொடுத்த எழுத்தாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அவர்களின் எலும்புக்கூடு உருவம் நிலவொளியில் மட்டும்தான் தெரியும் என்ற விதியையும் கவனியுங்கள். திகில் ஒரு பக்கம் இருக்கட்டும், பகல் காட்சிகளில் சாதாரண நடிகர்கள் போதும் என்று ஆகிவிடுகிறது. கிராஃபிக்ஸ் செலவு நிலா வரும் நேரத்துக்கு மட்டும். பணமும் கதையும் ஒரே விதிக்குள் அடங்குவது எப்போதாவதுதான் நடக்கும்.

இவர்கள் விழும் விதமும் அழகு. கடற்படைக் கப்பலில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது, வேறோர் இடத்தில் கடைசிக் காசும் ரத்தமும் பெட்டிக்குள் விழுகின்றன. அந்த நொடியில் அத்தனை பேரும் சாகக்கூடிய மனிதர்களாகி, ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள்.

செலவு எங்கே என்றால், சாகாதவனோடு போடும் கத்திச் சண்டை எவ்வளவு நேரம் நடந்தாலும் ஒன்றுதான். குத்தினால் சிரிப்பான். முதல்முறை நமக்கும் சிலிர்க்கும், மூன்றாம் முறை கொட்டாவி வரும். அதை ஈடுகட்ட அந்தப் படம் ஒற்றை மரக்கண்ணோடு ரகெட்டியையும் கூடவே பின்டெலையும் கோமாளி ஜோடியாக வைத்தது. சாவு பயம் இல்லாத இடத்தைச் சிரிப்பு நிரப்பியது.

2006-இல் வந்த இரண்டாம் பாகத்தில் டேவி ஜோன்ஸின் 'ஃப்ளையிங் டச்மேன்' கப்பல் வேறு மாதிரி. அங்கே சாபம் ஒரு கடன் பத்திரம். சாகும் தறுவாயில் இருக்கும் மாலுமியிடம் 100 வருடம் வேலை செய்கிறாயா என்று கேட்பார்கள். சரி என்றவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிப்பியும் பாசியும் படர்ந்து கப்பலோடு கப்பலாக ஒட்டிப்போகிறான். பகடை ஆடினாலும் பணயம் வருடங்கள்தான். சுறாத்தலைக்காரன், சங்குத்தலைக்காரன் என்று பெயர் தெரியாமலே ஒவ்வொருவனும் நினைவில் நிற்பான். படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. உங்கள் தயாரிப்பாளரிடம் அந்தக் கையிருப்பு இல்லை என்றால் உருவங்களை விட்டுவிட்டு அந்தக் கடன் பத்திரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

## கூடவே வரும் துரோகிகள்

நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்க விரும்பவில்லை.

ஆர்.எல். ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் 1883-இல் புத்தகமாக வந்தது. 1950-இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. அந்த நிறுவனம் முழுக்க மனித நடிகர்களைக் கொண்டு எடுத்த முதல் படம் அது. லாங் ஜான் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் தென்மேற்கு இங்கிலாந்துப் பேச்சுவழக்கை இழுத்து இழுத்துப் பேசினார். இன்றைக்குக் கடற்கொள்ளையன் வேஷம் போட்ட குழந்தைகள் 'ஆர்ர்ர்' என்று உறுமுவதற்கு மூலம் அவர்தான்.

இங்கே எதிரியின் கப்பல் என்று ஒன்று துரத்தி வருவதில்லை. ஹீரோக்கள் பணம் கொடுத்து அமர்த்திய கப்பலில், அவர்களே சம்பளம் பேசிக் கூட்டி வந்த சமையல்காரன் சில்வர்தான் துரோகிகளின் தலைவன். நாவலில் ஸ்டீவன்சன் கணக்கே போடுகிறார். கப்பலில் 26 பேர். நம்பத் தகுந்தவர்கள் 7, அதில் ஒருவன் சிறுவன். ஆக 6 ஆண்களுக்கு எதிரே 19 பேர். கப்பல் தீவை நெருங்கிய பிறகுதான் இந்தக் கணக்கு தெரிகிறது, அதுவும் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த அந்தச் சிறுவன் ஜிம் ஒட்டுக்கேட்டதால்.

ஏன் கீழ்ப்படிகிறார்கள்? சில்வரால் பங்கு கிடைக்கும் என்ற கணக்கில்தான். அதனால் கணக்குத் தப்பிய மறுநாளே எகிறுகிறார்கள். பைபிள் தாளைக் கிழித்து அதில் கரும்புள்ளி வைத்து, உன்னை இறக்கிவிட்டோம் என்று தலைவன் கையிலேயே கொடுக்கிறார்கள். கரும்புள்ளி ஸ்டீவன்சனின் கற்பனைதான், ஆனால் வாக்கெடுத்துக் கேப்டனை இறக்கும் நிஜ வழக்கத்துக்கு இவ்வளவு கிட்ட வந்த அடியாள் கும்பல் வேறில்லை. சில்வரின் பயம் ஹீரோவைப் பற்றியது அல்ல. ரம் கிடைத்தால் திட்டத்தைக் கெடுத்துவிடும் தன் ஆட்களைப் பற்றியது. அவன் மட்டும் காசை வங்கியில் போட்டு வைக்கிறான், மற்றவர்கள் குடித்துத் தீர்க்கிறார்கள். அந்த ஒரு வேறுபாட்டிலேயே கும்பல் முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது.

இதே வகையில் இன்னொன்று, 2011-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த டின்டின் படத்தில் வரும் 'கராபூஜான்' கப்பல். கேப்டன் ஹேடாக்கின் ஆட்களை வில்லன் விலைக்கு வாங்கிவிட்டு, அவரைச் சொந்த அறையிலேயே குடிக்க வைத்துப் பூட்டியிருக்கிறான். தூங்கும் மாலுமிகளுக்கு நடுவே டின்டின் சாவியை எடுக்கப் போகும் காட்சியில் ஹேடாக் வாசலில் நின்று ஒவ்வொருவனைப் பற்றியும் கிசுகிசுக்கிறார். ஒருவன் சீட்டாட்டத்தில் கண்ணிமைகளைத் தோற்றவனாம். ஒரு அடிகூட விழாமல், தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கும்பலுக்கு முகம் வந்துவிடுகிறது. அடியாட்களை அறிமுகப்படுத்த என்னைக் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

செலவு எழுதுபவர் தலையில். ஐந்தாறு பேருக்காவது பெயரும் பேச்சும் பழக்கமும் வேண்டும். யார் எந்தப் பக்கம், யாருக்கு எப்போது தெரியும் என்பதற்குச் சுவரில் தாள் ஒட்டி வைத்துத்தான் எழுத முடியும். துரோகம் வெளிப்படும் இடம் முன்னால் வந்தால் சுரத்தில்லை, பின்னால் போனால் அதுவரை கதையே நகராது. இடைவேளை உள்ள படம் என்றால் இடம் தானாகக் கிடைக்கிறது. வெப்சீரிஸில் அது எந்தப் பகுதியின் கடைசியில் வர வேண்டும் என்று அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

## சீருடைக்காரர்கள்

1977-இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படம் 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'. வில்லன் ஸ்ட்ராம்பெர்க்கின் 'லிபாரஸ்' எண்ணெய்க் கப்பல் வாயைத் திறந்து நீர்மூழ்கிகளை விழுங்கும். அந்த உள்பக்க செட்டைப் போடுவதற்காகவே லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் '007 ஸ்டேஜ்' என்ற பிரம்மாண்டமான தளம் கட்டினார்கள். கப்பல் ஆட்கள் எல்லோருக்கும் சிவப்பு உடை. சிறைப்பட்ட நீர்மூழ்கி வீரர்கள் விடுபட்டு மோதும்போது யார் யாரைச் சுடுகிறார்கள் என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வராது. நூறு பேர் மோதும் காட்சி எடுக்கப் போகிறவருக்கு இதன் அருமை தெரியும். முகம் முக்கியமில்லாததால் அதே ஃபைட்டர் மூன்று இடத்தில் மூன்று முறை சாகலாம்.

ஆனால் உலகத்தையே அழித்துவிட்டுக் கடலுக்கடியில் நகரம் கட்டப் போகிறவனிடம் இவர்கள் ஏன் வேலை பார்க்கிறார்கள்? தனக்காக உழைத்த விஞ்ஞானிகளையே ஹெலிகாப்டரோடு வெடிக்க வைத்தவன் அவன். சம்பளம் வாங்கி எந்தக் கடையில் செலவு செய்யப் போகிறார்கள்? படம் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இரும்புப் பல்லுக்காரன் ஜாஸைத் தவிர ஒருவனும் நமக்கு ஞாபகமில்லை.

இதே சீருடையை 2007-இல் மூன்றாவது 'பைரேட்ஸ்' படம் வேறு விதமாகக் கையாண்டது. வில்லன் கட்லர் பெக்கெட்டின் ஆட்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். கும்பினியார் என்று நம் பாட்டன்மார் சொன்ன அதே வகையறா. இரண்டு பக்கமும் பீரங்கி குறிவைத்து நிற்கும் நேரத்தில் அதிகாரி உத்தரவு கேட்கிறார். பெக்கெட் வாயடைத்துப் போய்ப் படியில் இறங்கி நடக்கிறான். உத்தரவு வராததால் அதிகாரியே கப்பலைக் கைவிடச் சொல்கிறார். பின்னால் நிற்கும் பெரிய கப்பற்படை ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பிவிடுகிறது. சீருடைக் கும்பலுக்கு இதைவிடப் பொருத்தமான தோல்வி எனக்குத் தோன்றவில்லை. இந்த வகையை எடுக்கிறவர்கள் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி எழுதுவது நல்லது.

## வாக்குறுதியில் மயங்கியவர்கள்

'வாட்டர்வேர்ல்ட்', 1995. உலகம் முழுகிப்போன பிறகு 'ஸ்மோக்கர்ஸ்' என்ற கூட்டம் துருப்பிடித்த எண்ணெய்க் கப்பலில் வாழ்கிறது. அது எந்தக் கப்பல் என்று கடைசியில் காட்டும்போது சிரிப்பு வரும். 1989-இல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டி உலகெங்கும் பேர் கெட்ட 'எக்சன் வால்டீஸ்'. அந்தக் கப்பலின் கேப்டன் படத்தை மாட்டி வைத்துத் தலைவன் டீக்கன் புனிதரைப் போல வணங்குகிறான்.

டீக்கன் கூட்டத்துக்கு சிகரெட்டை அள்ளி வீசுகிறான், நிலம் காட்டுகிறேன் என்று முழங்குகிறான், உடனே நூற்றுக்கணக்கானவர்கள் துடுப்புப் போடுகிறார்கள். எந்தத் திசையில் போகிறோம் என்று பக்கத்தில் நிற்பவன் கேட்டால், எனக்குத் தெரியாது, கண்டுபிடிக்க இவர்களுக்கு ஒரு மாதமாகும் என்கிறான். அடியாட்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

பசியும் ஆசையும் உள்ள கூட்டம் என்பதால் நம்ப முடிகிறது, கொஞ்சம் பரிதாபமும் வருகிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரே ஒரு தீப்பந்தம் விழுந்து எல்லாம் முடிவதும் அந்தக் கப்பலுக்கே உரிய முடிவு. குறை டீக்கன்தான். கூட்டத்தை ஏமாற்றுகிறவன் நம்மையும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். அவன் முதல் காட்சியிலிருந்தே கோமாளி, அதனால் ஆபத்து நம் தோலில் உறைப்பதில்லை.

## நாலே பேர்

கும்பல் என்றால் கூட்டம் வேண்டும் என்று கட்டாயமில்லை. 2009-இல் சோமாலியாவுக்கு அப்பால் நடந்த சரக்குக் கப்பல் கடத்தலை வைத்து 2013-இல் வந்த 'கேப்டன் ஃபிலிப்ஸ்' படத்தில் கப்பலேறுபவர்கள் நான்கே பேர். கேப்டனாக நடித்த டாம் ஹாங்க்ஸும் அவர்களும் முதன்முதலாகச் சந்தித்ததே கப்பலின் கட்டுப்பாட்டு அறைக் காட்சி படமானபோதுதான். இயக்குநர் வேண்டுமென்றே பிரித்து வைத்திருந்தார். உத்தரவு கொடுப்பவன் கரையில் இருக்கிறான், வெறும் கையோடு திரும்ப முடியாது, அதுதான் காரணம். ஆனால் நான்கு முகத்தையும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகு அவர்களை அடியாள் என்று நினைக்க மனம் வராது. சாகசப் படம் எழுத உட்கார்ந்தவர் வேறு படம் எழுதி முடித்திருப்பார். அதற்குத் தயார் என்றால் எழுதுங்கள்.

## தண்ணீரின் பில்

எந்தக் கும்பலானாலும் கடலில் படம் பிடித்தால் வரும் செலவு தனி. 'வாட்டர்வேர்ல்ட்' ஹவாயில் எடுக்கப்பட்டது. செட் ஒன்று கடலில் மூழ்கியது, செலவு 17.5 கோடி டாலர் வரை ஏறி அதுவரை வந்த படங்களிலேயே அதிகம் என்று பேசப்பட்டது. அதே வருடம் வந்த 'கட்த்ரோட் ஐலண்ட்' சுமார் 10 கோடி டாலரில் எடுக்கப்பட்டு அமெரிக்காவில் சுமார் 1 கோடிதான் வசூலித்தது. அதிக நஷ்டம் கண்ட படம் என்று கின்னஸில் ஏறியது. தயாரித்த நிறுவனம் படம் வெளிவருவதற்கு முன்பே திவால் மனு கொடுத்திருந்தது. ரோமன் பொலான்ஸ்கி 1986-இல் எடுத்த 'பைரேட்ஸ்' படத்துக்காகக் கட்டிய கப்பல் இன்றும் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் நிற்கிறது. படம் ஊத்திக்கொண்டது. கப்பலைச் சுற்றிப் பார்க்க மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஆகவே, மேல்தளத்தில் நடக்க வேண்டிய காட்சிகள் எத்தனை, கீழ்த்தளத்தில் முடித்துக்கொள்ளக் கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். துரோகிகள் கதை பெரும்பாலும் அடுப்படியிலும் படுக்கை அறையிலும் நடக்கும். அதற்கு நாலு மரச்சுவரும் ஆடும் விளக்கும் போதும். கட்டாயம் மேல்தளம் கேட்பவை வாக்குறுதிக் கூட்டமும் சீருடைப் படையும்.

## மூவருக்கும் சொன்னது

படக்கதைக்காரருக்குச் சாபக் கும்பலைச் சொன்னேன். ஒவ்வொருவனுக்கும் வெளிக்கோட்டிலேயே அடையாளம் தெரிகிற உருவம் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில்கூடப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கடன் பத்திரம் மாதிரி ஒரு விதியை இரண்டே கட்டத்தில் சொல்லிவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வாக்கியத்தில் விளங்காத சாபம் வேண்டாம்.

திரைக்கதைக்காரர் சீருடையில் பிடிவாதமாக இருக்கிறார், ஸ்டன்ட் மாஸ்டர் ஏற்கெனவே பேசி முடித்தாயிற்றாம். இருக்கட்டும். உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒரு அதிகாரியையாவது பெயரோடு எழுதச் சொன்னேன். கேப்டன் இல்லாத நேரத்தில் அந்த ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி ஒன்றும் வேண்டும் என்றேன். நீளம் கருதி முதலில் வெட்டப்படப் போவது அதுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒலிநாடகக்காரர் நிலவொளி எலும்புக்கூடுகளை ஆசையாகப் பிடித்து வைத்திருந்தார். ரேடியோவில் நிலா எப்படித் தெரியும் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். பீப்பாய்க்குள் இருக்கும் ஜிம்முக்கும் ஒன்றும் தெரியாது, காதில் விழுவது மட்டும்தான். கேட்பவரும் அந்தப் பீப்பாய்க்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சமையல்காரனை வைத்து மூன்று பகுதி எழுதி அனுப்பியிருக்கிறார். அவனுக்குப் பெயர் மட்டும் இன்னும் அமையவில்லை.